நூலின் விதியும் கையின் கணக்கும்

தம் கையால் நேர்ந்த பிழைக்குப் பிறிதொன்றைக் காரணமாகக் காட்ட விரைவது மக்கள் இயல்பு. அங்ஙனம் காட்டப்படுவனவற்றுள் முதன்மையானது விதி. விதி உண்டோ இல்லையோ என்னும் பெருவழக்கை இங்கே நாம் தொடங்கப் போவதில்லை. ஒரு கம்பளிக் குல்லாயைச் சான்றாகக் கொண்டு அதன் ஒரு கூற்றினை மட்டும் ஆராய்வோம்.

கேமரன் மலைத் தோட்டமொன்றில் வாழும் நண்பரின் குழந்தைக்குக் குல்லாய் பின்னக் கருதி, நீலமும் வெண்மையும் சிவப்பும் மாறி மாறி வரும் பலவண்ண நூலை வாங்கினோம். மூன்று வண்ணமும் எங்கும் கலந்து பரவும் என்று நம்பிப் பின்னினோம். நீலமெல்லாம் ஒரு பக்கத்தில் திரண்டு, மை கொட்டிய கறைபோல் தேங்கிற்று. “இந்நூலின் தலையெழுத்து இது” என்று வெறுத்து ஊசிகளைக் கீழே வைத்தோம். அண்டை வீட்டு மூதாட்டியார் அதனை வாங்கிப் பார்த்தார். “நூலை ஏன் தம்பி பழிக்கிறாய்? சுற்றுக்கு எத்தனை கண்ணி என்று எண்ணிப் பார்த்தாயா?” என்றார். நாம் எண்ணவில்லை.

நூலைச் சிட்டமாகச் சுற்றி, அதன் ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு சாயத்தில் தோய்க்கின்றனர். ஆதலின் சிட்டத்தின் சுற்றளவுக்கு ஒருமுறை அவ்வண்ணங்கள் அம்முறையிலேயே திரும்பி வரும். அம்முறை ஒருதரம் வந்து முடிவதற்குள் 80 கண்ணிகள் பின்னப்படுகின்றன என்று கொள்வோம். குல்லாயின் சுற்றும் 80 கண்ணியாயின், நீலத்தின் மேல் நீலமே ஏறித் தூணாக நிற்கும். 81 ஆயின், சுற்றுக்கு ஒரு கண்ணி விலகிச் சாய்கோடாகச் செல்லும். இறுக்கிப் பின்னும் கைக்குக் கண்ணியொன்றுக்குச் செல்லும் நூல் குறைவு. தளர்த்திப் பின்னும் கைக்கு மிகுதி. எனவே ஒரே நூல் இருவர் கையில் இருவேறு கோலம் காட்டும்.

கறை நூலிலேயே எழுதப்பட்டதாயின், கைக்குக் கை அது மாறுபடுவது எங்ஙனம்? கையே முழு முதல்வன் எனின், நாம் விரும்பியவாறு வண்ணம் பரவாதது ஏன்? வண்ணங்களின் வரிசை நமக்குக் கொடுக்கப்பட்டது. அதனை மாற்ற இயலாது. அகலமும் ஊசியின் பருமனும் கையின் இறுக்கமும் நம்முடையன. இவ்விரண்டும் கூடுமிடத்திலேயே கறை பிறக்கின்றது. அழகும் அங்கேயே பிறக்கின்றது.

இதற்குச் சான்று நம் அருகிலேயே உண்டு. கிளந்தானிலும் திரெங்கானுவிலும் ‘லீமார்’ என்னும் பட்டினை நெய்த மலாய் மக்கள், துணியின் அகலத்தை முன்னரே அளந்து, ஊடை நூலை ஆங்காங்கே கட்டிச் சாயம் தோய்த்த பின்னரே தறியில் இட்டனர். வண்ணம் ஓரிடத்தில் திரள்வதை அவர்கள் பூவாக்கினர். எமக்குக் கறையானது அவர்க்குப் பூவானதற்குக் காரணம், அவர்கள் எண்ணியிருந்தனர், நாம் எண்ணவில்லை.

வாழ்க்கையிலும் இவ்விரு பிழைகளையும் காண்கின்றோம். பள்ளியிற் பின்தங்கிய பிள்ளையைக் காட்டி, “அவன் தலையெழுத்து” என்பார் ஒரு சாரார். அவன் பசியாறிச் சென்றானா, அமர்ந்து படிக்க வீட்டில் ஓரிடம் உண்டா என்று அவர்கள் கண்ணியை எண்ணியதில்லை. “முயன்றால் எதுவும் ஆகும், ஆகாதது உன் சோம்பலே” என்று ஏழையை ஏசுவார் மற்றொரு சாரார். அவர்கள் நூலில் இல்லாத வண்ணத்தைக் கேட்பவர்கள். முன்னவர் தம் கடமையினின்று தப்புகின்றனர். பின்னவர் பிறர் துயரைக் காண மறுக்கின்றனர். கொடுக்கப்பட்டது இது, நம்மால் ஆவது இது என்று பிரித்தறிதலே நேர்மை என்பது எமது துணிபு.

அன்று மாலை குல்லாயை முழுவதும் பிரித்தோம். மூன்று நாள் உழைப்பு போயிற்று. மனம் நொந்ததை மறைப்பதற்கில்லை. பின்னர் மூதாட்டியார் கூறியவாறு, அதே நூலின் இரண்டு உருண்டைகளை வைத்துக்கொண்டு, ஒரு சுற்று இதிலும் மறு சுற்று அதிலுமாக மாற்றி மாற்றிப் பின்னினோம். நூல் அதுவே, வண்ணமும் அதுவே, கறை கலைந்தது. காதோரத்தில் மட்டும் சிறிது நீலம் கூடியே நின்றது. அதனை நாம் பிரிக்கவில்லை. எண்ணியும் எஞ்சியது அது; அதனைப் பொறுத்தல் தகும். எண்ணாமலே விதியென்று கைவிடுதல் தகாது.