திருத்தினால் உண்மை குறையுமா?

முதலில் எழுதியதே உண்மையானது, திருத்துவது பிறருக்குப் பணிவது என்ற எண்ணம் நம் எழுத்தாளர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மெய்யியலாளர் இமானுவேல் காண்ட் எழுதிய 'தூய அறிவு பற்றிய விமர்சனம்' வேறு பாடம் சொல்கிறது. பல ஆண்டுகள் சிந்தித்ததைச் சில மாதங்களிலேயே எழுதிமுடித்து 1781இல் வெளியிட்டார். புறவுலகையே மறுக்கும் கருத்துமுதல்வாதம் என்று 1782இல் ஒரு மதிப்புரை அதைச் சாடியது. 1787இன் இரண்டாம் பதிப்பில், மனத்தின் அடிப்படைக் கருத்துகள் அனுபவத்துக்குப் பொருந்துவது எப்படி என்று நிறுவும் மையப் பகுதியை அவர் முற்றிலும் புதிதாக எழுதினார். கருத்துமுதல்வாதத்துக்கு ஒரு மறுப்பையும் சேர்த்தார்.

பின்னாளில் மெய்யியலாளர் ஷோப்பன்ஹவர் இந்தத் திருத்தத்தை அச்சத்தால் நேர்ந்த சிதைவு என்றார். முதல் பதிப்பில் கற்பனைத்திறனுக்கு இருந்த முதன்மை இரண்டாவதில் மங்கியது மெய்தான். அந்த இழப்பு எனக்கும் வருத்தமே. ஆனால் பழிக்கு அஞ்சியவர் கருத்தையல்லவா கைவிட்டிருப்பார்? பொருட்களை அவை தோன்றும் விதத்தில் மட்டுமே அறிகிறோம் என்ற மூலக் கொள்கையைக் காண்ட் கடைசிவரை விடவில்லை. வாசகர் தடுமாறிய இடத்தில் வாதம் போதவில்லை என்று ஒப்புக்கொள்வது கோழைத்தனம் ஆகாது. உண்மை எழுதியவரின் சொத்து அன்று. அதனால்தான் திருத்தம் அறமாகிறது. இன்றைய செம்பதிப்புகள் இரண்டு வடிவங்களையும் சேர்த்தே அச்சிடுகின்றன. இரண்டையும் படியுங்கள்.