இலவசத்தின் செலவு யார் தலையில்?

எங்கள் பக்கத்து மின்கம்பங்களில் வட்டி முதலைகளின் விளம்பர ஒட்டிகளுக்குக் குறைவில்லை. மாநகர் மன்ற ஊழியர்கள் சுரண்டி எடுத்தாலும் கொஞ்ச நாளில் வேறொரு கைப்பேசி எண்ணோடு மறுபடி ஒட்டியிருக்கும். கம்பத்தைக் குறைசொல்ல முடியாது. அதைக் கேட்டு யாரும் ஒட்டுவதில்லை. ஓர் இணையத்தளத்துக்கு அந்தச் சாக்குக் கிடையாது. அதற்கு உரிமையாளர் இருக்கிறார். ஒட்டவிட்டதற்குக் காசும் வாங்குகிறார்.

பள்ளி விடுமுறைக்கு பைராம் தோட்டத்து வீட்டுக்கு வந்திருந்த அண்ணன் மகள், கொன்றை வேந்தனுக்குப் பொருள் தேடி ஓர் இலவசத் தளத்தைத் திறந்தாள். விளக்கம் நன்றாகவே இருந்தது. யாரோ உட்கார்ந்து உழைத்து எழுதியது. ஆனால் நாலு வரிக்கு ஒரு விளம்பரம். சூதாட்டச் சக்கரம் சுற்றியது, அரைகுறை ஆடையில் ஒரு பெண் கண்ணடித்தாள், இனிப்புநீரை அடியோடு ஒழிக்கும் பொடி ஒன்று வந்தது. மூடுவதற்கான பெருக்கல் குறி கடுகளவுதான். அதைத் தொட்டால் வேறொரு பக்கம் திறந்துகொண்டது. பிள்ளை அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. "அத்தை, இந்தப் பொடிய பாட்டிக்கு வாங்கிக் குடுக்கலாமா?" என்றாள். எங்கள் அம்மாவுக்கு இனிப்புநீர். ஆபாசப் படத்தைவிட அந்தக் கேள்விதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. பாட்டிமேல் பேத்திக்கு இருக்கும் அன்பின் வழியாகவே ஒரு மோசடி வீட்டுக்குள் நுழையப் பார்க்கிறது.

அந்தப் பொடி விளம்பரம் மலேசியாவில் சட்டப்படி குற்றம். மருந்துகளின் விளம்பரத்தையும் விற்பனையையும் கட்டுப்படுத்தும் 1956-ஆம் ஆண்டுச் சட்டம், நீரிழிவு, புற்றுநோய் போன்ற நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. இந்தியாவில் 1954-லேயே இப்படியொரு சட்டம் வந்துவிட்டது. 'ஆட்சேபகரமான விளம்பரங்கள்' என்ற சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது. அச்சுக் காலத்துச் சட்டங்கள் இவை. பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டு 'இதை ஏன் போட்டாய்?' என்று கேட்க முடிந்த காலம் அது.

இன்று தளக்காரரிடம் கேட்டால், 'நான் போடவில்லையே' என்பார். அது ஓரளவு உண்மை. நாம் பக்கத்தைத் திறந்தவுடன், நாம் எந்த ஊர், என்ன கைப்பேசி என்ற விவரங்கள் ஓர் ஏலச்சந்தைக்குப் போகின்றன. கண் இமைப்பதற்குள் ஏலம் முடிந்து, அதிகம் கேட்டவனின் விளம்பரம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. தளக்காரர் அதைப் பார்ப்பதே இல்லை. தமிழுக்கு இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில்தான் தமிழை ஏற்றுக்கொண்டது. அதுவரை தமிழில் எழுதியவர்களுக்கு அந்த வாசல் முறையாகத் திறக்கவில்லை. காசு வேண்டுமென்றால், எதையும் சோதிக்காமல் அனுப்பும் இடைத்தரகர்களிடம்தான் போகவேண்டியிருந்தது. தளக்காரர்களின் நிலை எனக்குப் புரிகிறது. வழங்கிக் கட்டணத்தைக் கைக்காசில் கட்டுகிறவனுக்கு எந்த விளம்பரமும் வரவுதான். ஆனாலும் பார்க்காமல் இடத்தை விற்றதே தப்பு என்றுதான் சொல்வேன். தவறான விளம்பரங்களை வகைபிரித்துத் தடுக்கும் வசதி பெரிய விளம்பர நிறுவனங்களிடம் இருக்கிறது. அந்த வசதி தராத தரகரை விட்டு விலகுவது தளக்காரரின் கையில்தான் இருக்கிறது.

காந்திக்கும் இந்தத் தொல்லை இருந்தது. 1903-ல் டர்பனில் தொடங்கிய அவருடைய 'இந்தியன் ஒப்பீனியன்' தமிழிலும் வந்த பத்திரிகை. எந்த விளம்பரத்தை ஏற்பது, எதை மறுப்பது என்ற இழுபறியில் சலித்துப்போய், 1912-ல் விளம்பரங்களை மொத்தமாகவே நிறுத்திவிட்டார். அதன்பின் பத்திரிகை சந்தாதாரர்களின் கையில்.

விளம்பரமே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். அமிர்தாஞ்சன் தைலம் விற்ற நாகேஸ்வர ராவ்தான் 'ஆந்திர பத்திரிகா'வையும் நடத்தினார். தைலப் பணத்தில் பத்திரிகை வளர்ந்தது. ஆனால் விளம்பரம் இல்லாமலும் தமிழில் பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்துவாழ் கல்யாணசுந்தரம் தொடங்கிவைத்த மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்த சங்க இலக்கியத்தையும் கொன்றை வேந்தனையும் இலவசமாகத் தருகிறது. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை நன்கொடையில் காப்பாற்றுகிறது. 2003-லிருந்து வளரும் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு விளம்பரமும் கிடையாது. இவையெல்லாம் யாரோ கொடுத்த உழைப்பிலும் யாரோ போட்ட பணத்திலும் நிற்பவை. அந்த 'யாரோ'வில் நாம் இருக்கிறோமா?

மலேசியர்களுக்குக் கொடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்லவேண்டாம். 1999-ல் தொடங்கிய மலேசியாகினி செய்தித்தளம், 2002-லேயே வாசகரிடம் சந்தா கேட்டது. 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு ஐந்து லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தபோது, சில மணி நேரத்திலேயே வாசகர்கள் அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதே கைகள் தமிழ்த் தளத்துக்கு மட்டும் ஏன் மடங்கிக்கொள்கின்றன? பிள்ளைகளின் டியூஷனுக்கும் டேட்டாவுக்கும் மாதம்தோறும் கட்டுகிறோம். அவர்கள் படிக்கும் பாட விளக்கத்தை எழுதியவருக்கு ஒரு காசும் கொடுத்ததில்லை. நாம் கொடுக்காத இடத்தில்தான் பொடி விற்கிறவன் கொடுக்கிறான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை அடிக்கடி திறக்கும் தமிழ்த் தளம் எது என்று கேளுங்கள். ஒருமுறை நீங்களே திறந்து கடைசிவரை பாருங்கள். அசிங்கமான விளம்பரம் இருந்தால் நடத்துகிறவருக்கு எழுதுங்கள். எழுதும்போதே, 'இதை எடுத்துவிட்டால் வருடத்துக்கு இவ்வளவு தருகிறேன்' என்று ஒரு தொகையையும் சொல்லுங்கள். பத்து ரிங்கிட்டானாலும் சரி.