விரும்பி ஏற்ற குளிர்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஃபோர்த் முகத்துவாரத்தை ஒட்டி சவுத் க்வீன்ஸ்ஃபெரி என்று ஒரு சிறிய ஊர். ஜனவரி முதல் தேதி அங்கே ஆண்களும் பெண்களும், சிலர் நீச்சலுடையில், பலர் கோமாளி வேஷத்தில், கடலில் இறங்குகிறார்கள். நீரின் வெப்பம் அப்போது ஆறேழு டிகிரிதான் இருக்கும். இறங்கி, அலறி, கரையேறிவிடுகிறார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. இதற்குப் பெயர் 'லூனி டூக்'. 'டூக்' என்றால் அவர்கள் பேச்சில் முங்குவது. பைத்தியக்கார முங்கல் என்று வைத்துக்கொள்ளலாம். 1987 புத்தாண்டில் தொடங்கியது. முந்தின இரவு குடித்ததன் தலைவலி தெளியக் கடலில் விழுந்தால் என்ன என்று சில நண்பர்கள் பேசிக்கொண்ட வேடிக்கைதான் இதற்கு மூலம்.

இது ஒன்றும் தனி விஷயம் இல்லை. வான்கூவரில் 1920இலிருந்து முங்குகிறார்கள். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1903இல் தோன்றிய பனிக்கரடிச் சங்கம் இருக்கிறது. ஹாலந்தின் ஸ்கெவனிங்கன் கடற்கரையில் பத்தாயிரம் பேர் ஒரு சூப்புக் கம்பெனியின் ஆரஞ்சுத் தொப்பியை அணிந்துகொண்டு ஓடுகிறார்கள். வசதியுள்ள தேசங்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இன்னும் ஒரு படி மேலே போய் கண்டிக்கவும் உத்தேசித்தேன். வேறு வழியில்லாமல் குளிரில் கிடக்கிறவர்கள் உள்ள உலகத்தில், கம்பளியும் சுடுபானமும் கரையில் காத்திருக்க, ஒரு நிமிஷம் குளிரை வாடகைக்கு எடுத்து அனுபவிப்பது எவ்வகையில் நாகரிகம்? கேள்வி சரியாகத்தான் தோன்றியது. ஆனால் கண்டனம் பாதி வழியில் நின்றுவிட்டது. நிறுத்தியது அந்த ஊரின் பாலம்.

க்வீன்ஸ்ஃபெரியில் நிற்பவன் கண்ணில் படாமல் போக முடியாத பொருள் அது. சிவப்பு நிறத்தில், மூன்று ராட்சத உருக்குக் கோபுரங்களோடு, 1882இல் தொடங்கி 1890இல் முடிந்த ரயில்பாலம். வேலை உச்சத்தில் இருந்தபோது நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் உழைத்தார்கள். செத்தவர்கள் 57 பேர் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் பதிவேடுகளைத் தேடிப் படித்த பிறகு எண்ணிக்கை 73 ஆயிற்று. (நூறு வருஷத்துக்கும் மேலாகப் பதினாறு சாவுகள் கணக்கில் வராமலே இருந்திருக்கின்றன.) அவர்களில் 38 பேர் மேலிருந்து விழுந்தவர்கள். ஒன்பது பேர் மூழ்கியவர்கள். விழுகிறவர்களை எடுப்பதற்கென்றே பாலத்தின் அடியில் படகுகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் படகுகள் எட்டுப் பேரை உயிரோடு தூக்கின. 2012இல்தான் இறந்தவர்களுக்கு அங்கே ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள்.

ஆக, வேடிக்கைக்காக முங்குகிறவன் முங்குவது அந்த நீரில்தான். இது என் கண்டனத்துக்குச் சாதகமான சாட்சி என்று முதலில் எண்ணினேன். யோசிக்க யோசிக்கச் சாட்சி பிறழ்ந்தது.

குளிர்ந்த நீர் உடம்பை என்ன செய்கிறது என்பது இன்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. தோல் சட்டென்று குளிரும்போது, கேட்காமலே ஒரு பெருமூச்சு உள்ளே இழுபடுகிறது. அந்தக் கணத்தில் வாய் நீருக்குள் இருந்தால் நீர்தான் உள்ளே போகும். பிறகு மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கிறது, இதயம் அடித்துக்கொள்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. இதெல்லாம் முதல் ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள். குளிர்ந்த நீரில் விழுகிறவர்கள் விறைத்துச் சாகிறார்கள் என்பது பொதுவான எண்ணம். உடல் விறைக்க அரைமணி நேரமாவது வேண்டும். பலரைக் கொல்வது முதல் மூச்சு. ஐந்தாறு முறை இறங்கிப் பழகினால் இந்த அதிர்ச்சி ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை இறங்குகிறவனுக்கு அந்தப் பழக்கமும் கிடையாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பெருமூச்சு, தான் விரும்பி இறங்கினோமா தவறி விழுந்தோமா என்று விசாரிப்பதில்லை. விருப்பம், தேர்வு, சம்மதம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வதெல்லாம் நீர்மட்டத்துக்கு மேலேதான். கீழே இருப்பது தோலும் நுரையீரலும். 1880களில் சாரத்திலிருந்து விழுந்த கூலியாளின் முதல் மூச்சும், கோமாளித் தொப்பியோடு இறங்கிய பள்ளி ஆசிரியரின் முதல் மூச்சும் ஒரே மூச்சு. அதன் பிறகு அவர்கள் பிரிந்துவிடுகிறார்கள். இவர் திரும்பி நடந்தால் கரை. அவனுக்கு, அதிர்ஷ்டம் இருந்தால், படகு. ஆகவே தேர்வு என்று ஏதாவது இருந்தால் அது இறங்குவதில் இல்லை, திரும்ப முடிவதில் இருக்கிறது.

அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில், எது விரும்பிச் செய்தது, எது செய்யாதது என்று பிரிக்கப் புகுந்து, கடல் உதாரணம் ஒன்றைச் சொல்கிறார். புயலில் மாட்டிய கப்பல்காரன் சரக்கைத் தூக்கி எறிகிறான். எறிவது அவன்தான், ஆனால் சும்மா இருக்கும்போது எவனும் தன் சரக்கை எறிய மாட்டான். இரண்டும் கலந்த செயல் என்கிறார். சாரத்தில் ஏறிய தொழிலாளியின் செயலும் இப்படிக் கலந்ததுதான். யாரும் அவன் கையைப் பிடித்து ஏற்றவில்லை. கூலி ஏற்றியது. நம் வாழ்க்கையில் துணிச்சல் என்று பெயர் பெறுகிற பெரும்பாலான காரியங்கள் இந்த ஜாதி. முங்குகிறவன் மட்டும்தான் புயல் இல்லாமல் சரக்கை எறிகிறான். அதனால்தான் அவனுக்குப் பைத்தியக்காரன் என்று பெயர். அந்தப் பெயரை அவனே வைத்துக்கொண்டான்.

இந்தப் பெயரை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. விரும்பித் துன்பம் ஏற்பவர்கள்மேல் நமக்குள்ள நியாயமான சந்தேகம், அவர்கள் அதை எங்கே வரவு வைக்கப் போகிறார்கள் என்பதுதான். வில்லியம் ஜேம்ஸ் 1910இல் எழுதிய ஒரு கட்டுரையில், போருக்கு மாற்றாக, வசதியான வீட்டுப் பிள்ளைகளை நிலக்கரிச் சுரங்கத்துக்கும் டிசம்பர் மாத மீன்பிடிப் படகுகளுக்கும் கட்டாயமாக அனுப்பலாம் என்று யோசனை சொன்னார். நல்ல மனிதரின் நல்ல யோசனை. ஆனாலும் அதைப் படிக்கும்போது எனக்கு அசௌகரியமாக இருக்கிறது. மீனவனின் டிசம்பர் அவனுக்கு ஜீவனம். பையன்களுக்கு அது குணப்பயிற்சி ஆகிவிடுகிறது. அடுத்தவனின் நிர்ப்பந்தத்திலிருந்து எனக்கு ஒரு பக்குவம். டூக்கில் இறங்குகிறவன், பைத்தியம் என்று சொல்லிக்கொண்டு இறங்கும் வரையில், இந்தத் தவறைச் செய்வதில்லை. அவன் பக்குவப்பட்டதாகச் சொல்லவில்லை. பாலத்திலிருந்து விழுந்தவனின் துயரம் புரிந்ததாகவும் சொல்லவில்லை. அலறுகிறான், சிரிக்கிறான், போய்விடுகிறான்.

நம் மார்கழி நீராட்டோடு இதை ஒப்பிட ஒரு சபலம் வரும். அடக்கிக்கொள்வது நல்லது. நம் குளிருக்கும் அந்தக் குளிருக்கும் உறவில்லை என்பது ஒரு புறம். பாவை நோன்பில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது: மழை வேண்டும், நல்ல கணவன் வேண்டும். கேட்கப்படுகிறவனும் இருக்கிறான். ஸ்காட்லாந்தோ தன் சடங்குகளைத் தானே பிடுங்கி எறிந்த தேசம். 1640இல் அதன் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒழித்தது. 1958இல்தான் அந்த நாள் அங்கே பொது விடுமுறையாயிற்று. நடுவே முந்நூறு வருஷம் மக்கள் தங்கள் கொண்டாட்டத்தை எல்லாம் புத்தாண்டின் தலையில் ஏற்றினார்கள். நள்ளிரவுக்குப் பின் வாசற்படியை முதலில் மிதிக்கிறவன் கறுத்த தலைமுடிக்காரனாக, கையில் ஒரு துண்டு நிலக்கரியோடு வரவேண்டும் என்கிற நம்பிக்கையெல்லாம் அங்கே உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் கடவுளிடம் எதையும் கேட்காத ஒரு நீராட்டு, குடிகாரர் வேடிக்கையாக முளைத்தது ஆச்சரியமில்லை.

கெட்டுப்போனது பிறகுதான். அடுத்த வருஷமே தர்மத்துக்குப் பணம் திரட்டினார்கள். எடின்பரோவின் பெரிய புத்தாண்டு விழா இதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2010களில் முங்குவதற்குக் கட்டணம் வந்தது. காசு கொடுத்து வரிசையில் நின்று ஏற்கிற குளிர்! இதற்கிடையில் மருத்துவமும் வந்து சேர்ந்தது. குளிர்நீர் மனச்சோர்வைத் தீர்க்கும், உடலை உரமாக்கும் என்று பேச்சு. இவற்றில் சில உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காரணம் கேட்டால் சொல்ல ஒன்று கையில் வந்த உடனே, பைத்தியம் என்ற அடக்கம் போய்விடுகிறது. சாதனை வந்து உட்கார்ந்துகொள்கிறது. கரையேறியவனின் முகம் காமிராவைத் தேடுகிறது.

இவ்வளவு கறாராகச் சொல்லிவிட்டு ஒரு இடத்தில் தடுமாறுகிறேன். அந்தப் பணத்தில் ஒரு பகுதி உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்குப் போயிற்று. க்வீன்ஸ்ஃபெரியில் 1967இலிருந்து ஒரு படகு நிலையம் இருக்கிறது. அதில் போகிறவர்கள் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். நடுச்சாமத்தில் அழைப்பு வந்தால் எழுந்து கடலுக்குப் போகிறவர்கள். இவர்கள் ஏற்கும் குளிரும் விரும்பி ஏற்றதுதான். அரிஸ்டாட்டிலின் சரக்குக் கணக்கில் இதை எங்கே வைப்பது? சாதனைக்காரனின் காசு அந்தப் படகுக்கு எண்ணெய் ஊற்றியது என்றால், அவன் காமிராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. சொல்லவும் மனம் வரவில்லை.

2020க்குப் பிறகு விழாக்காரர்கள் டூக்கைக் கைவிட்டார்கள். கட்டணம் போயிற்று, மேடை போயிற்று. ஊர்க்காரர்கள் பழையபடி தாங்களாகவே இறங்குகிறார்கள். எதிரே பாலத்தில் ரயில் போய்க்கொண்டிருக்கிறது. புத்தாண்டுக் காலையில் படகுக்காரர்கள் நீர்புகாத உடையணிந்து இடுப்பளவு நீரில் வந்து நிற்கிறார்கள். கோமாளிகள் எல்லோரும் கரையேறி, கடைசி ஆளும் போர்வைக்குள் போகிற வரைக்கும் அவர்கள் நிற்கிற இடத்தை விட்டு அசைவதில்லை.