கொடுத்தவர் யார்? பெற்றவர் யார்?

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஓய்வதில்லை. முப்பந்தலில் வரிசை வரிசையாய்ச் சுழலும் காற்றாலைகளே சான்று. காற்றுக்கு எல்லை தெரியாது. மனிதனுக்குத் தெரிந்தது! மலையடியிலிருந்து வட்டக்கோட்டைக் கடற்கரைவரை திருவிதாங்கூர் மன்னர் மதில் எழுப்பினர். 1809-இல் வேலுத்தம்பியின் கிளர்ச்சியை ஒடுக்க வந்த ஆங்கிலப் படை அம்மதிலைக் கடந்தது. ஆனால் எல்லை நின்றது. 1956 நவம்பர் 1-இல் குமரி, சென்னை மாநிலத்தோடு இணையும்வரை கணவாய்க்கு இப்பால் ஓர் அரசு, அப்பால் ஓர் அரசு.

ஒரே மொழி, இரண்டு ஆட்சி! வளரும் நாடுகளில் ஆட்சிமுறையும் சமுதாய முன்னேற்றமும் எங்ஙனம் பிணைந்துள்ளன என்று ஆராய்வோர்க்கு இதனினும் நல்ல ஆய்வுக்களம் வேண்டுமோ? 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 92 விழுக்காடு. நெல்லையிலோ 82-ஐச் சற்றே தாண்டியது. காரணம் ஒன்றன்று. எனினும் அறிஞர் பலர் முதலில் காட்டுவது 1817-இல் ராணி கௌரி பார்வதி பாய் பிறப்பித்த கல்வி ஆணையை. மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்றது அது. 1975-இல் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் ஐக்கிய நாடுகள் அவைக்காக நடத்திய ஆய்வு வந்தபின், வருவாய் குறைந்த கேரளம் கல்வியிலும் நலவாழ்விலும் முன்னிற்பது கண்டு உலகம் வியந்தது. நல்ல மன்னர் நட்ட விதை என்று நாவினிக்கப் பேசினர் சிலர்.

நல்ல மன்னரா? கல்வி ஆணை பிறந்து நாற்பதாண்டு கழிந்த பின்னும், தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண் தோளை மூடி வெளியே வந்தால் சந்தையில் ஆடையைக் கிழித்தனர்! 1859-இல்தான் அரசு இறங்கி வந்தது. அப்போதும், மேல்சாதிப் பெண்டிரைப் போல் உடுத்தலாகாது என்ற நிபந்தனையோடு! ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதினார்: சட்டையின்றி வெளியே வரக் கூசும் நாட்டில், கூலியாளுக்குச் சட்டையும் இன்றியமையாப் பொருளே என்று. அமர்த்தியா சென் இக்கருத்தை எடுத்தாண்டு, வெட்கமின்றி ஊர்நடுவே நிற்கும் ஆற்றலையும் வளர்ச்சியின் கணக்கில் சேர்த்தார். 1990 முதல் வெளிவரும் மனித வளர்ச்சிக் குறியீடோ வாழ்நாள், கல்வி, வருவாய் மூன்றையே அளக்கிறது. கிழிந்த சேலைக்கு அதில் பத்தி ஏது?

பள்ளிக்கதவும் ஆணையால் மட்டும் திறக்கவில்லை. மயிலாடியில் 1806-இல் வந்திறங்கிய பாதிரியார் ரிங்கல்தௌபேயும் அவர்வழி வந்தோரும் ஒதுக்கப்பட்டோர்க்குப் பள்ளி வைத்தனர். மதம் பரப்பும் நோக்கம் நமக்கு உடன்பாடன்று. அதற்காகக் கரும்பலகைக்கு நன்றி கூறக் கூசோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அய்யன்காளி, எம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் உம் வயலில் இறங்கோம் என்று உழவரைத் திரட்டினார். சட்டப் புத்தகத்தில் உறங்கிய எழுத்துக்கு உயிர் தந்தது அந்த வேலைநிறுத்தம்.

"யார் கொடுத்தாலென்ன? பசித்தவனுக்குச் சோறு சோறுதானே!" என்பர். எளிய கேள்வியன்று. பட்டினிப் பிள்ளையிடம் உரிமை வரும்வரை பொறு என்போமானால் நாமும் கொடியரே. சோற்றை மறுக்கவில்லை நாம். ஆனால் அருளாக வந்தது, அருளுவோன் முகம் சுளித்தால் திரும்பிப் போகும். அதை உண்பவன் கைகட்டியே நிற்பான். கேட்டுப் பெற்றவனோ, குறைந்தால் மறுபடி கேட்பான். ஆட்சியை ஆராய்வோர் ஆணைகளை எண்ணுகின்றனர். ஆணைக்கு முன் எழுந்த குரல்களை எண்ணுவார் எத்தனை பேர்?

தோவாளைப் பூச்சந்தைக்கோ நாகர்கோவிலுக்கோ அவ்வழியே செல்லும் தோழர்கள், அங்குள்ள முதியோரிடம் ஒன்று கேட்டு எழுதி வாருங்கள்: உங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்குச் சென்றவர் யார், எந்த ஆண்டில், வாயிலில் அவரைத் தடுத்தவர் யார்?