எழுதப்படாத கதை

"கதை எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம், தொடங்கத்தான் முடியவில்லை." இவ்வாறு சொல்வோர் நம்மிடையே பலர். நேரமில்லை என்பார் ஒருவர். நடை கைவரவில்லை என்பார் மற்றொருவர். இது வெறும் பழக்கக் குறைபாடா? அல்லது நம் உள்ளத்தைப் பற்றியும் ஏதேனும் சொல்கிறதா?

என் அனுபவத்தையே சொல்கிறேன். நான் முதலில் பணியாற்றிய கடற்கரைப் பங்கில் பார்வை இழந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். கடலுக்குச் சென்று திரும்பாத மகனுக்காக நாள்தோறும் அந்தியில் வாசலில் விளக்கேற்றி வைப்பார். "அந்த வெளிச்சம் உங்களுக்குத் தெரியாதே, பாட்டி" என்றேன். "அவனுக்குத் தெரியுமே, சாமி" என்றார்.

அவரைப் பற்றி ஒரு கதை எழுத விரும்பினேன். முதல் வரியை எழுதுவேன், அடிப்பேன். அவருடைய துயரத்துக்கு ஈடான சொல் கிடைக்கட்டும் என்று ஒத்திவைத்தேன். அதைப் பணிவு என்றே நம்பினேன். 20 ஆண்டுகள் கழிந்தன. அவர் மறைந்தார். அவருக்கென்று அழ எவருமில்லை. என் குறிப்பேட்டில் அடிக்கப்பட்ட வரிகளே எஞ்சின.

பின்னரே உணர்ந்தேன்: அது பணிவன்று, பணிவின் உடையணிந்த செருக்கு. மனத்திலுள்ள கதையில் குறை காண எவராலும் இயலாது. தாளில் இறங்கிய கதையோ நம் அளவைக் காட்டிவிடும். அதைக் காணவே அஞ்சுகிறோம். உவமையில் தாலந்தைப் புதைத்தவன் அதைத் தொலைக்கவில்லை. அப்படியே திருப்பித் தந்தான். ஆயினும் கண்டிக்கப்பட்டான். அவனைக் குழிதோண்ட வைத்தது அச்சமே அன்றோ?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த கத்தோலிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவருடைய தந்தையின் உயிரைப் பறித்த லூப்பஸ் நோய் 25ஆம் வயதில் அவரையும் பற்றிக்கொண்டது. தாயின் பண்ணை வீட்டில், ஊன்றுகோல்களின் துணையோடு வாழ்ந்தார். காலை வேளையில் சில மணி நேரத்தை எழுத்துக்கென்றே ஒதுக்கித் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்தார். எழுதியதைக் கழித்துவிட நேர்ந்த நாள்களும் உண்டு, மறுநாளும் அமர்ந்தார். முதல் நாவல் 1952இல் வெளிவந்தது, இரண்டாவது 1960இல். 1964இல், 39ஆம் வயதில் காலமானார்.

நல்ல வரி வருவதும் வராததும் அவர் கையில் இல்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருப்பது மட்டுமே அவர் கையில் இருந்தது. அதில் அவர் தவறவில்லை.

தொடங்குவதைவிடத் தொடர்வது கடினம். பாதிவழியில் கதை சுவையற்றுத் தோன்றும். புதிய கதையொன்று மனத்தை மயக்கும். அப்போது கேட்க வேண்டியது, "இது சிறந்த கதையா?" என்பதன்று, "இந்தக் கதையில் வரும் மனிதரை நடுவழியில் கைவிடலாமா?" என்பதே. அடுத்த காட்சியை மட்டும், குறையோடேனும், எழுதுவோம். திருத்துவதற்கும் எழுதிய தாள் ஒன்று வேண்டுமே!

இப்போது விடியற்காலையில், கோயில் மணி அடிப்பதற்கு முன், அரை மணி நேரம் எழுதுகிறேன். 9 பக்கங்கள் ஆகியுள்ளன. அவை சிறந்தவை அல்ல. ஆயினும் பாட்டி வாசலுக்கு வந்துவிட்டார்; விளக்கில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறார். யார் கண்ணுக்குத் தெரியும் என்று அவர் கணக்குப் பார்த்ததில்லை. நான் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?