தாளும் மருந்தும்

வெடிக்கு வண்ணத்தாள் அச்சிடுவதும் சிவகாசி. அதனுள் மருந்து செலுத்துவதும் சிவகாசி. மருந்தில்லாத தாளை எவரும் வெடியென்று விலைகொடுத்து வாங்கார். சட்டத்தையும் அப்படியே எடைபோடலாமா என்பது என் நெடுநாளைய ஐயம்.

2015 ஏப்ரல் 24 அன்று, திருச்சி சிவா கொணர்ந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. தனி உறுப்பினரின் மசோதா ஒன்று அவ்வவையில் வெற்றிபெற்றுப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் மக்களவையில் அது சட்டமாகவில்லை. கல்வியிலும் அரசுப் பணியிலும் 2 விழுக்காடு இடம் கேட்டது அம்மசோதா. 2019-இல் அரசே கொணர்ந்து இயற்றிய சட்டத்தில் அவ்விழுக்காட்டைக் காணோம்.

அப்படியானால் அன்றைய வாக்கு வெறுந்தாள்தானா? ஆமென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 2008-இல் தமிழக அரசு நலவாரியம் கண்டு, ‘திருநங்கை’ என்னும் சொல் அரசேடுகளில் ஏறிய பின், விருதுநகர்ப் பேருந்து நிலையத்தில் ஏச வாயெடுப்பவனும் சற்றே கூசுகிறான். அக்கூச்சமும் தாள் செய்த வேலையே. ஆனால் கூச்சம் உலை ஏற்றுமா?

நம் ஃபிக்ஹு நூலார் வேறு முனையில் தொடங்கினர். ஆண், பெண் இருகுறியும் கொண்ட குன்ஸாவும் இன்றைய திருநரும் முற்றும் ஒரே வகுப்பினரல்லர் என்பது உண்மையே. எனினும் குன்ஸாவின் பாகம் ஆண் பங்கா, பெண் பங்கா, இரண்டின் நடுவா என்று மத்ஹபுகள் வழக்காடினவேயன்றி, பாகமே இல்லையென்று தள்ளவில்லை.

ஆட்சியர் தந்த சான்றுடன் பட்டாசு ஆலை வாயிலில் ஒரு திருநங்கை வந்து நின்றால், ஆண்கள் வரிசையா பெண்கள் வரிசையா என்று கணக்கப்பிள்ளை தயங்கக்கூடும். தயங்கட்டும். மாலையில் கூலி ஏட்டில் அவர் பெயர் ஏறியிருக்கிறதா என்றே நான் பார்ப்பேன்.