இரண்டாகத் தெரிகிறதா?

கல்யாணப் பந்தலில், பட்டப்பகலில், சாஸ்திரிகள் வானத்தைக் காட்டி, "அருந்ததி தெரிகிறதா?" என்று கேட்கிறார். மாப்பிள்ளை, "தெரிகிறது" என்கிறார். மணப்பெண்ணும் தலையசைக்கிறாள். இதைப் பொய் என்று சொன்னால் பெரியவர்கள் என்னைப் பந்தலை விட்டே வெளியேற்றிவிடுவார்கள். போகட்டும், சடங்கு. ஆனால் ஒன்று: அருந்ததி என்ற நட்சத்திரம் இருப்பது நிஜம், அதைக் கண்டேன் என்பதுதான் நிஜமல்ல.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. கன்னி ராசியில் பொரிமா என்று ஒரு நட்சத்திரம். வெறுங்கண்ணுக்கு ஒன்று, தொலைநோக்கிக்கு இரண்டு. ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 169 ஆண்டுகள் பிடிக்கின்றன. 1836-இல் இரண்டும் மிகவும் நெருங்கிவிட்டன. இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு என்ற ஊரில் சொந்தமாக ஒரு வானாய்வுக் கூடம் வைத்திருந்த ஸ்மித் என்ற கடற்படை அதிகாரி, சுமார் 6 அங்குலத் தொலைநோக்கியில் பார்த்தார். ஒற்றை நட்சத்திரம் என்றே எழுதிவைத்தார். இரண்டு உண்டு என்பது அவருக்குத் தெரியாதா? அவரே முன்பு அளந்த ஜோடிதானே! அதே ஆண்டு, டோர்பாட்டில் இன்னும் பெரிய தொலைநோக்கி வைத்திருந்த ஸ்த்ரூவேக்கு அது சற்றே நீண்டு தெரிந்தது. ஸ்மித் எழுதியது வானத்தைப் பற்றிய தவறு. ஆனால் தம் கண்ணைப் பற்றி அவர் பொய் எழுதவில்லை.

நம் ஊரிலும் இந்த வேலை நடந்ததுண்டு. தியாகராய நகருக்குப் பக்கத்திலேயே, நுங்கம்பாக்கத்தில், 1792-இல் எழுந்த வானாய்வுக் கூடத்தின் கருங்கல் தூண் ஒன்று வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. அங்கே தலைவராக இருந்த காப்டன் ஜேக்கப், இரட்டை நட்சத்திரங்களை அளப்பதில் மோகம் கொண்டவர். ஒஃபியூக்கஸ் மண்டலத்து 70-ஆம் நட்சத்திர ஜோடி கணக்குக்கு அடங்காமல் நகர்வதைக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத கிரகம் ஒன்று அதை இழுக்கக்கூடும் என்று 1855-இல் எழுதினார். பிற்காலத்து அளவுகள் அதற்கு இடம் தரவில்லை. கிரகத்தைக் கண்டேன் என்று அவர் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இன்று மயிலாப்பூர் மொட்டை மாடியில் யாரோ ஒருவர் 4 அங்குலத் தொலைநோக்கியை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் சக்திக்கு, ஒரு விகலைக்குச் சற்று அதிகமான இடைவெளியே எல்லை. முழு நிலவின் அகலத்தை 1800 கூறு போட்டால் அதில் ஒரு கூறு ஒரு விகலை! பகலெல்லாம் காய்ந்த தளம் வெப்பத்தைக் கக்குகிறது, கடற்காற்று வேறு. நட்சத்திரம் கொதிக்கும் ரசத்து நுரைபோலத் துள்ளுகிறது. ஒரு கணம் எட்டு எழுத்துப்போல் நடுவில் இடுங்குகிறது; மறுகணம் வெறும் பொட்டு. புத்தகமோ, 'இது இரண்டு' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. கண்ணும் கூலிக்காரன்தான்; எஜமான் எதிர்பார்ப்பதைக் கொண்டுவந்து கொடுத்துவிடும்.

பின்னால் வரிசை நீள்கிறது. பத்து வயதுப் பையன் குனிந்து பார்க்கிறான். "இரண்டாத் தெரியறதாடா?" என்கிறார் மாமா. பையன் தயங்குகிறான். எல்லோரும், "ஆகா, தெரிகிறது!" என்று சொல்லிவிட்டுப் போனதை அவன் கேட்டிருக்கிறான். "ஒண்ணாத்தான் இருக்கு, மாமா" என்று அவன் சொல்லிவிட்டால், அந்த மாமா என்ன செய்ய வேண்டும்? சிரிக்கக் கூடாது. "நன்றாகப் பார்" என்று அவசரப்படுத்தவும் கூடாது. நோட்டைக் கொடுத்து, தேதி போட்டு, 'ஒன்று' என்று எழுதச் சொல்லலாம்.